பிச்சாவரம்

பிச்சாவரம், தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் கிள்ளைக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் ஆகும். வடக்கே வெள்ளாற்றுக் கழிமுகத்திற்கும் தெற்கே கொள்ளிடக் கழிமுகத்திற்கும் இடைப்பட்ட அலையாத்திக் காட்டினால் இவ்வூர் பெயர் பெற்றது. 2022 ஆம் ஆண்டில் இக்காட்டின் சுமார் 1,479 எக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இங்கு நடந்து சுற்றிப்பார்க்க வழி குறைவு. காட்டைக் காணப் படகில்தான் செல்லவேண்டும். விசைப்படகு அகன்ற நீர்வழிகளோடு நின்றுவிடும். மரங்கள் இருபுறமும் கவிந்த குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையத் துடுப்புப் படகே ஏற்றது. எம். ஜி. ஆர். நடித்த இதயக்கனி (1975) திரைப்படத்தின் சில காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன.

மரங்கள்

தாங்குவேர்களுடைய சுரபுன்னை நீர்வழிகளின் ஓரத்திலும், சேற்றிலிருந்து மூச்சுவேர்களை நீட்டும் வெண்கண்டல் உட்பகுதியிலும் மிகுதி. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கு வளர்கிறது. நடராசர் கோயிலின் தலமரமான இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கக்கூடியது.

அழிவும் மீட்பும்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முதல் 1970கள் வரை இக்காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டது. வெயில்பட்ட மண் உலர்ந்து தாழ்ந்து பள்ளமாயிற்று. அதில் புகுந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கி ஆவியானதால் உப்பு மிகுந்து, கன்றுகள் பிழைக்கவில்லை. காடு அழிவதற்கு ஊர்மக்களின் விறகும் ஆடுமாடுகளின் மேய்ச்சலுமே காரணம் என்று முன்னர் கருதப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, அவற்றின் கரைகளில் கன்றுகளை நட்டன. இப்பணியில் ஊர்மக்களும் பங்குபெற்றனர். சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இக்காடே வாழ்வாதாரம்.

ஆழிப்பேரலை

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது காட்டிற்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர் மாவட்டக் கடற்கரை பற்றிய ஓர் ஆய்வு 2005 இல் 'சயன்சு' இதழில் வெளியாகி, மரங்களின் காப்பை வலியுறுத்தியது. ஆயினும் இக்கரையின் சிற்றூர்கள் குறித்த வேறோர் ஆய்வின் தரவுகளை மறுபடி கணக்கிட்ட சிலர், கடலிலிருந்து ஊரின் தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும்பங்கு வகித்தன என்றனர்.