மாநில உரிமை பேசியது யார்? தப்பியோடிய அடிமைகள் சட்டமும் அமெரிக்க உள்நாட்டுப் போரும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக மூண்டது என்ற விளக்கம் பெருமளவு போருக்குப் பின் கட்டப்பட்டது. அதைத் தடித்த நூலாகவே எழுதியவர் தென்னகக் கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். இவரே 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமைநிலையே அவர்களுக்கு இயல்பு என்ற கொள்கைதான் புதிய அரசின் மூலைக்கல் என்று முழங்கியவர். தோல்விக்குப் பின் மூலைக்கல் மாறிவிட்டது.

1850களின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் பார்த்தால் கதை தலைகீழாகிறது. அந்தப் பத்தாண்டில் மாநில உரிமையைக் கையிலெடுத்தது பலமுறை வடக்கு. நடுவண் அரசின் கையை நீளச் செய்தது தெற்கு.

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணையும் கிடையாது. வழக்கைத் தீர்க்கும் நடுவண் ஆணையருக்கு, உரிமை கோரும் எசமானர் பக்கம் முடிவு சொன்னால் 10 டாலர், பிடிபட்டவரை விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்! தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெருவில் நிற்பவரையும் பிடிக்க வரச்சொல்லி அதிகாரி ஆணையிடலாம். அடிமைமுறையை எங்கோ தொலைவில் நடக்கும் விவகாரமாக எண்ணியிருந்த வடக்கத்தியரின் வாசலுக்கே அந்தச் சட்டம் அதைக் கொண்டுவந்தது.

1854 மார்ச்சில் விஸ்கான்சினில், மிசூரியிலிருந்து தப்பி வந்திருந்த ஜோஷுவா குளோவர் பிடிபட்டார். மில்வாக்கி மக்கள் சிறைக்கதவை உடைத்து அவரை மீட்டனர். அவர் கனடா போய்ச் சேர்ந்தார். கூட்டத்தைத் தூண்டியதாகப் பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத் மீது வழக்கு வந்தபோது, மாநில உச்ச நீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்றது. 1859இல் தலைமை நீதிபதி ரோஜர் டேனி தலைமையிலான நடுவண் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விஸ்கான்சின் சட்டமன்றம் அசரவில்லை. அரசமைப்பை மீறும் நடுவண் சட்டம் செல்லாது என்று வாதிட்ட, 1798இல் ஜெஃபர்சன் வரைந்த கென்டக்கித் தீர்மானங்களின் மொழியை எடுத்தாண்டு எதிர்த் தீர்மானம் போட்டது. 1832இல் நடுவண் சுங்கவரியைச் செல்லாதென அறிவித்த தென் கரோலினாவின் ஆயுதம் இப்போது எதிர்முகாமில்.

பாஸ்டனில் 1854 ஜூன் 2 அன்று, தப்பி வந்து பிடிபட்ட ஆண்டனி பர்ன்ஸ் என்ற ஒற்றை மனிதரை வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்ற, ஆயுதம் தாங்கிய படை தெருவெங்கும் காவல் நின்றது. மறு ஆண்டே மாசசூசெட்ஸ், தப்பியோடியோரைப் பிடித்துக் கொடுப்பதற்கு முட்டுக்கட்டை போடும் தன் தனிமனித சுதந்திரச் சட்டத்தைக் கடுமையாக்கியது.

தப்பியோடியவர்கள் எத்தனை பேர்? 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டுக்குப் பதிந்தது 803 பேர். அடிமைகளோ ஏறத்தாழ 40 லட்சம். அதிகம் இழந்தவை மேரிலாந்து, கென்டக்கி போன்ற எல்லை மாநிலங்கள். அவை நாட்டிலிருந்து பிரியவில்லை, வடக்கு எல்லையிலிருந்து வெகுதொலைவிலிருந்த தென் கரோலினாதான் முதலில் பிரிந்தது. ஆக, சண்டை ஓடிப்போனவர்களின் விலையைப் பற்றியது மட்டுமல்ல. மனிதரை உடைமையாகக் கொள்ளும் உரிமையை நாடு முழுவதும் ஏற்றாக வேண்டும் என்ற கோரிக்கை அது. 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு உடைந்ததும், புதிய நிலப்பரப்புகளில் அடிமை உடைமைக்கு நடுவண் பாதுகாப்பு வேண்டும் என்று தென்னகப் பிரதிநிதிகள் பிடிவாதம் பிடித்ததால்தான்.

தென் கரோலினா அந்த டிசம்பரில் வெளியிட்ட காரண அறிக்கை, தப்பியோடியோரைத் திருப்பித்தர மறுத்த வட மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறது. அடிமையோடு கடந்துசெல்லும் உரிமையை நியூயார்க் மறுத்ததும் அதில் ஒரு புகார். அதாவது, நியூயார்க் தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே குற்றம். சுங்கவரி பற்றி அவ்வறிக்கையில் பேச்சே இல்லை.

இதனால் வடக்கு விடுதலைப் போருக்குப் புறப்பட்டது என்றாகிவிடாது. லிங்கன் தம் பதவியேற்பு உரையில், தப்பியோடியோரைத் திருப்பித்தரும் அரசமைப்புக் கடமையை ஏற்றே பேசினார். அந்த நிலைப்பாட்டை முதலில் அசைத்தவர்கள் அடிமைகளே. 1861 மே மாதம் வர்ஜீனியாவில் மூவர் படகேறி மன்றோ கோட்டையின் வடக்குப் படையிடம் அடைக்கலம் புகுந்தனர். எசமானர் சார்பில் வந்த தென்னக அதிகாரி 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவர்களைக் கேட்டார். வழக்கறிஞராயிருந்து தளபதியான பெஞ்சமின் பட்லர், வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்கிறதே, அமெரிக்கச் சட்டம் அதற்கு எப்படிப் பொருந்தும் என்று மடக்கி, மூவரையும் போர்க்காலப் பறிமுதல் பொருளாகக் கணக்கில் வைத்துக்கொண்டார். அவர்களைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் அக்கோட்டைக்கு வந்தனர். 1862 மார்ச்சில் காங்கிரஸ், தப்பியோடியோரைப் படையினர் திருப்பி அனுப்பக் கூடாதென விதித்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் 1864 ஜூனில் நீக்கப்பட்டது.