கேசரியும் காவியும்: தேசியக் கொடியின் நிறப்பெயர்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கொச்சி நகரின் பழைய வணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரி, சிறு பரப்பில் பல மொழிகள் நெருங்கி வழங்கும் இடமாகும். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் முதலியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் இங்குத் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஒரே பொருளுக்கு அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு பெயர்கள் வழங்குவது இங்கு இயல்பு. தமிழரும் மலையாளிகளும் கொடி என்பதைக் கொங்கணியர் பாவ்டோ என்பர். குஜராத்தியர் வாவ்டோ என்பர். உருது பேசுவோர் ஜண்டா என்பர். பெயர்கள் வேறுபட்டாலும் சுட்டப்படும் பொருள் ஒன்றே ஆதலின் இவ்வேறுபாட்டால் இடர் எதுவும் விளைவதில்லை. அக்கொடியின் நிறங்களைப் பெயரிட முற்படும்போதுதான் இடர் தோன்றுகிறது.

2022 ஆகஸ்டில் வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றும் இயக்கம் நாடெங்கும் நடைபெற்றது. அப்பொழுது மட்டாஞ்சேரிப் பகுதிக் குடியிருப்பாளர்களுக்கான மலையாள அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. கொடியின் மேற்பட்டை 'குங்கும' நிறம் என்பது மலையாள மூலம். விரைவில் அதனைத் தமிழிலும் குங்குமம் என்றே எழுதிவிட்டேன். படியைப் பார்த்த, சலவைத் தொழில் செய்யும் தமிழ் முதியவர் ஒருவர், "குங்குமம் சிவப்பாச்சே, சார், செங்கொடி ஏத்தச் சொல்றதா நினைச்சுக்குவாங்க" என்றார். காவி என்று மாற்றலாமா எனக் கேட்டேன். வெள்ளைத் துணியில் தண்ணீரால் ஏறும் பழுப்புக் கறைக்குத்தான் தம் தொழிலில் அப்பெயர் என்றார் அவர். இரண்டு திருத்தங்களும் நியாயமானவை. அவற்றுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. ஒரு நிறப்பட்டைக்கு நாம் இடும் பெயர், அக்கொடியை வகுத்தோர் கருதிய பொருளில் எதனைத் தமிழுக்குக் கொண்டுவருகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. சிவப்பிலிருந்து கேசரிக்கு: 1906 – 1931

1906 ஆகஸ்டு 7 அன்று கல்கத்தாவில் ஏற்றப்பட்ட கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய பட்டைகளும், தாமரைகளும், ஞாயிறும், பிறையும், தேவநாகரி எழுத்தில் வந்தே மாதரம் என்னும் தொடரும் இருந்தன. 1907 ஆகஸ்டு 22 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டு நகரில் மேடம் காமா ஒரு மூவண்ணக் கொடியை உயர்த்தினார். 1917இல் தன்னாட்சி இயக்கத்தார் சிவப்பும் பச்சையுமான பட்டைகளைக் கொண்ட வேறொரு கொடியைக் கையாண்டனர். பாரதி பாடிய 'தாயின் மணிக்கொடி'யில் வச்சிரமும் இளம்பிறையும் இடம்பெறுகின்றன. இன்றைய கொடியில் அவ்விரண்டும் இல்லை. எனினும் மணிக்கொடி என்னும் பெயர் தேசியக் கொடிக்குரிய அடைமொழியாகத் தமிழில் நிலைத்துவிட்டது. பெயர் நிற்கப் பொருள் மாறியதற்கு இது முதற்சான்று.

1921இல் விஜயவாடாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழுக் கூட்டத்தின்போது பிங்கலி வெங்கையா சிவப்பும் பச்சையுமாக அமைந்த கொடி வடிவத்தைக் காந்தியடிகளிடம் அளித்தார். இராட்டைச் சின்னம் லாலா ஹன்ஸ்ராஜின் கருத்து. காந்தியடிகள் வெண்பட்டையைச் சேர்த்தார். வெள்ளை மேலும், பச்சை நடுவிலும், சிவப்பு கீழுமாக அக்கொடி அமைந்தது. சிவப்பு இந்துக்களையும், பச்சை முஸ்லிம்களையும், வெள்ளை ஏனைச் சமயத்தாரையும் குறிப்பதாக விளக்கம் தரப்பட்டது. நிறம் சமயத்தின் பெயராக நின்ற காலம் இது.

இவ்விளக்கமே பின்னர்ச் சிக்கலாயிற்று. சீக்கியர் தமக்குரிய நிறமும் கொடியில் இடம்பெற வேண்டும் என்றனர். சமயச் சார்புள்ள விளக்கமே கூடாது என்றனர் வேறு சிலர். 1931 ஏப்ரலில் காங்கிரஸ் செயற்குழு எழுவர் கொண்ட குழுவை அமைத்தது. வல்லபாய் பட்டேல், அபுல் கலாம் ஆசாத், தாரா சிங், ஜவாஹர்லால் நேரு, காகா காலேல்கர், ஹர்திகர், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அதன் உறுப்பினர். கொடி முழுவதும் கேசரி நிறமாகவே இருக்கலாம் என்பது அக்குழுவின் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை. ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு, மேலே கேசரி, நடுவே வெள்ளை, கீழே பச்சை, வெண்பட்டையில் நீல இராட்டை என்னும் அமைப்பை ஏற்றது. நிறங்களுக்குச் சமயப் பொருள் இல்லை எனவும் அறிவித்தது. கேசரி வீரத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை அமைதிக்கும் உண்மைக்கும், பச்சை நம்பிக்கைக்கும் பெருந்தகைமைக்கும் உரியனவாயின.

மொழியியல் நோக்கில் இத்தீர்மானம் குறிப்பிடத்தக்கது. அது நிறத்தை மாற்றியதோடு அமையவில்லை. நிறத்துக்கும் பொருளுக்கும் இடையே பத்தாண்டுகளாக நிலவிய உறவைச் சொற்களால் அறுத்துப் புதிய உறவை நாட்டியது. ஆகவே இக்கொடியைப் பொறுத்தவரை நிறப்பெயர் வெறும் வருணனைச் சொல் ஆகாது.

3. அரசியல் நிர்ணய சபையின் தீர்மானம்

விடுதலைக்கு முன் மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. அதனை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கொச்சியாக இருந்தது. நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இரண்டு ஆட்சிகளின் எல்லை இருந்தது. 1947 ஏப்ரல் 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற முதற் சில சமஸ்தானங்களுள் கொச்சியும் ஒன்று. பனம்பிள்ளி கோவிந்த மேனன் அதன் பிரதிநிதி. எனவே கொடித் தீர்மானம் நிறைவேறியபோது இப்பகுதி மக்கள் இரு வழிகளிலும் அச்சபையோடு தொடர்புடையவராய் இருந்தனர்.

இராஜேந்திர பிரசாத் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின் 1947 ஜூலை 22 அன்று நேரு தீர்மானத்தை முன்மொழிந்தார். மேற்பட்டையின் பெயர் அதில் இருமுறை வருகிறது: முதலில் 'சாஃப்ரன்' என்னும் ஆங்கிலச் சொல், அதன்பின் அடைப்புக்குறிக்குள் 'கேசரி'. வெள்ளைக்கும் பச்சைக்கும் அத்தகைய அடைப்புக்குறி இல்லை. ஆங்கிலச் சொல் ஒன்றே போதாது எனத் தீர்மானத்தை வரைந்தோர் கருதினர் என்பது இதனால் பெறப்படும்.

அதே நாளில் உரையாற்றிய இராதாகிருஷ்ணன் இந்நிறத்தைப் 'பகுவா' என்னும் இந்திச் சொல்லாலும் சுட்டி, அது துறவையும் பற்றின்மையையும் குறிக்கும் என விளக்கினார். தலைவர்கள் பொருட்பயன் கருதாது உழைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகத் தீர்மானத்தில் கேசரி, உரையில் பகுவா. முன்னதோடு 1931ஆம் ஆண்டின் வீரமும் தியாகமும் தொடர்கின்றன. பின்னதோடு துறவு சேர்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாட்டுக்கு வேர் இங்கேயே உள்ளது.

4. சொற்பொருள் ஆய்வு

4.1 கேசரி. வடமொழியில் கேசரம் என்பது பிடரிமயிரையும் பூவின் இழையையும் குறிக்கும். முதற்பொருளிலிருந்து சிங்கம் கேசரி ஆயிற்று. இரண்டாம் பொருளிலிருந்து குங்குமப்பூவும் அதன் நிறமும் அப்பெயர் பெற்றன. திலகர் 1881இல் தொடங்கிய இதழின் பெயர் சிங்கத்தைச் சுட்டுவது. இராஜபுத்திர மரபில் மீளா இறுதிப் போருக்குச் செல்வோர் கேசரி நிற ஆடை அணிந்தனர். ஆகவே வட இந்தியச் செவிக்குக் கேசரி என்றவுடன் வீரமும் உயிர்த்தியாகமும் தோன்றுவது இயல்பு. தமிழிலோ அச்சொல் பேச்சு வழக்கில் ரவைகொண்டு செய்யும் இனிப்பின் பெயராகச் சுருங்கிவிட்டது. அவ்வினிப்பும் நிறத்தாலேயே அப்பெயர் பெற்றது. ஆயினும் இன்று பெயர் நிறத்தை நினைவூட்டாமல் பண்டத்தையே நினைவூட்டுகிறது.

4.2 காவி. இச்சொல் தமிழிலும் மலையாளத்திலும் செம்மண் வகை ஒன்றையும் அதன் நிறத்தையும் குறிக்கும். பழந்தமிழில் குவளை மலருக்கும் இப்பெயர் உண்டு. கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டையோடு மாறி வருவதும், கோலத்துக்குக் கரை கட்டுவதும் காவியே. வெற்றிலைக் கறை படிந்த பல்லையும், நீர்க்கறை ஏறிய வேட்டியையும் காவியேறியது என்பர். துறவியர் ஆடையைக் குறிப்பது இவற்றுள் ஒரு பொருள். ஆனால் ஆடை பற்றிய பேச்சில் அதுவே மேலோங்கி நிற்கிறது. கேரளத்தில் காவிமுண்டு எளிய ஆடவரின் அன்றாட உடையும் ஆதலால் மலையாளத்தில் அத்துறவுப்பொருள் சற்றுத் தளர்கிறது. அண்மைக்கால அரசியல் எழுத்தில் இரு மொழிகளிலும் காவி ஓர் அரசியல் சார்பைக் குறிக்கும் ஆகுபெயராகவும் வழங்குகிறது. நிறத்தின் வகையாலும் காவி முற்றும் பொருந்துவதன்று. அது பழுப்புக் கலந்த சிவப்பு. கொடியின் பட்டையோ ஒளிமிக்க செம்மஞ்சள்.

4.3 குங்குமம். வடமொழியில் இது குங்குமப்பூவையே குறிக்கும். மலையாளம் கொடியின் நிறப்பெயராக இதனைக் கொண்டது அவ்வழியில் பொருந்தும். தமிழில் மஞ்சளோடு சுண்ணாம்பு முதலியன சேர்த்துச் செய்யும் சிவந்த பொடி குங்குமம் எனப்பட்டதால், மூலப்பொருளைச் சுட்டப் பூ என்னும் சொல்லைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஆகவே மலையாளக் குங்குமமும் தமிழ்க் குங்குமமும் வடிவால் ஒத்துச் சுட்டும் நிறத்தால் வேறுபடும் சொற்கள். இனமொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போரை இத்தகைய சொற்களே பெரிதும் ஏமாற்றுகின்றன. 'குங்குமப்பூ நிறம்' என்றாலும் ஐயம் முழுதும் நீங்குவதில்லை. பூவின் உலர்ந்த இழை கருஞ்சிவப்பு. அது நீரில் கரைந்து தரும் சாயம் பொன்மஞ்சள்.

4.4 தியாகம். 1931இன் விளக்கத்திலுள்ள உயிர்த்தியாகத்தையும் 1947இன் உரையிலுள்ள துறவையும் இந்தியில் 'த்யாக்' என்னும் ஒரே சொல்லால் சொல்லிவிட இயலும். எனவே கேசரியும் பகுவாவும் அங்கு எளிதில் ஒன்றையொன்று தழுவுகின்றன. தமிழில் தியாகம் வேறு, துறவு வேறு. தியாகி என்றால் விடுதலைப் போரில் சிறை சென்றவர் நினைவுக்கு வருவார். துறவி என்றால் இல்லம் நீத்தவர் நினைவுக்கு வருவார். மேற்பட்டையைக் காவி என்று மட்டும் சொல்லும் தமிழ்ப் பாடம், இரண்டாமவரைக் கொடியில் ஏற்றி முதலாமவரை இறக்கிவிடுகிறது. இவ்விழப்பே இங்கு முதன்மையாகச் சுட்டத்தக்கது.

5. இராட்டையும் சக்கரமும்

இதையொத்த இழப்பு கொடியின் நடுச்சின்னத்திலும் நேர்ந்துள்ளது. வெண்பட்டையிலுள்ள சக்கரம் இராட்டையைக் குறிப்பதற்கே அமைக்கப்படுவதாகத் தீர்மானம் தெளிவாகக் கூறுகிறது. சாரநாத்திலுள்ள அசோகரின் சிங்கத் தூணின் சக்கரத்திலிருந்து பெறப்பட்டது அதன் வடிவமே. முழு இராட்டை கொடியின் மறுபுறத்தில் திரும்பித் தோன்றும் என்பதை நேரு காரணமாகக் காட்டினார். பாரசீகச் 'சர்க்'கும் வடமொழிச் 'சக்ர'மும் ஒரே தொல்மூலத்தின. எனவே சர்க்காவிலிருந்து சக்கரத்துக்கு மாறியதை வட இந்தியச் செவி பெரிய மாற்றமாக உணர வாய்ப்பில்லை. தமிழில் இராட்டைக்கும் சக்கரத்துக்கும் ஒலித்தொடர்பு இல்லை. அசோகச் சக்கரம் என்னும் பெயர் நிலைத்தபின் நூற்கும் கை மறக்கப்பட்டுப் பேரரசர் மட்டும் எஞ்சினார்.

அறச்சக்கரம் என்னும் பொருளில் 'அறவாழி' என்னும் தமிழ்ச் சொல்லைப் பரிந்துரைப்போர் உண்டு. குறளில் வரும் அச்சொல்லைப் பரிமேலழகர் அறமாகிய கடல் என்றே கொண்டு, தருமச் சக்கரம் எனக் கொள்வாரும் உளர் எனக் குறித்துச் செல்கிறார். இருபொருள் தரும் சொல்லைச் சட்டத் தமிழில் ஆள்வது ஏற்புடையதாகாது.

6. சொல்லும் தரஅளவும்

நிறத்தைச் சொல்லால் மட்டும் நிறுத்திவைக்க இயலாது என்பதை அரசும் உணர்ந்தது. 1951இல் இந்தியத் தர நிறுவனம் கொடிக்கான தரவரையறையை வெளியிட்டது. 1964இலும் 1968இலும் அது திருத்தப்பட்டது. அதில் நிறங்கள் ஒளியியல் அளவெண்களால் வரையறுக்கப்பட்டுள்ளன. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பும் மேற்பட்டையைச் சுட்டுமிடத்துக் கேசரி என்னும் சொல்லை விடாது தருகிறது. சாயமிடுவோருக்கு அளவெண் போதும். நிறத்தைச் சொல்லால் அறியும் மாணவருக்கும் பொதுமக்களுக்கும் அது உதவாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகளை முன்வைக்கலாம். சட்டம், விதித்தொகுப்பு, தரவரையறை ஆகியவற்றின் தமிழாக்கத்தில் மூலத்திலேயே உள்ள கேசரி என்னும் சொல்லை ஆள்வது தகும். முதல் வருகையில் செம்மஞ்சள் என்னும் விளக்கத்தைச் சேர்க்கலாம். பொதுநடையில் நிலைபெற்றுவிட்ட காவியை விலக்க முயல்வது பயன் தராது. அதற்கு இராதாகிருஷ்ணன் உரை என்னும் சான்றும் உண்டு. ஆனால் பாடநூல்களில் காவியை ஆளுமிடத்துத் துறவோடு வீரத்தையும் தியாகத்தையும் தவறாது குறிப்பிட வேண்டும். மலையாள மூலத்திலிருந்து பெயர்ப்போர் குங்குமத்தை அவ்வாறே எடுத்தாளல் கூடாது. சக்கரத்தை விளக்குமிடத்து இராட்டையை மறவாமல் சுட்டவேண்டும்.

மட்டாஞ்சேரி அறிவிப்பில் இறுதியாக 'கேசரி என்னும் செம்மஞ்சள் நிறம்' என எழுதப்பட்டது. அதனைப் படித்த அம்முதியவர் செங்கொடி என்றும் கருதவில்லை, கறை என்றும் கருதவில்லை. ஆனால் கேசரி என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையாக 1931ஆம் ஆண்டின் தீர்மானத்தை அவருக்குச் சொல்ல நேர்ந்தது. காவி என்றே எழுதியிருந்தால் அக்கேள்வி எழுந்திருக்காது.