கூரையற்ற தேரும் மேய்ச்சல் நிலமும்

திறனாய்வு என்னும் சொல்லை நாம் இலக்கியத்துக்கே உரியதாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆயினும் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கவிதையினும் கறாரான திறனாய்வுக்கு உட்பட்டு வரும் பொருள் ஒன்று உண்டு. அது மோட்டார் கார். அதிலும் கூரை திறந்த, மிகுவேக, ஆடம்பரக் கார்களைப் பற்றி எழுதப்பட்டவை தனியொரு வகைமையாகவே கருதத்தக்கவை. அத்தகைய காரை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள், அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, அதில் எது விடுபட்டது என்பதைச் சற்றே வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கும் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தொடர்பு ஒரு டயரின் வழியாக வருகிறது.

தொடக்கக் காலக் கார்கள் பெரும்பாலும் கூரையற்றவையே என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். குதிரை பூட்டாத வண்டியாக அது பிறந்தது; மழையும் புழுதியும் பயணத்தின் பகுதிகளாக இருந்தன. மூடிய காரே அன்று விலையுயர்ந்தது. 1920களில் அமெரிக்காவில் மூடிய கார்கள் மலிந்து பெரும்பான்மையாயின. அதன் பின்னரே நிலை தலைகீழாயிற்று. தேவையின்மையால் திறந்திருந்த கூரை, இப்போது விரும்பித் திறக்கப்படும் கூரையாகி, ஆடம்பரத்தின் அடையாளமாயிற்று. ஒரு குறை, காலப்போக்கில் அழகாக உயர்த்தப்படுவது இலக்கிய வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிதன்று.

வேகத்தை அளக்கும் வழக்கத்தின் வரலாற்றில் மிஷெலின் என்னும் பெயர் அடிக்கடி எதிர்ப்படுகிறது. ஆந்த்ரே, எதுவார் என்னும் மிஷெலின் சகோதரர்கள் 1889இல் பிரான்சின் கிளேர்மோன் ஃபெரான் நகரில் நிறுவனத்தைத் தொடங்கினர். 1891இல் எளிதில் கழற்றி மாட்டத்தக்க மிதிவண்டி டயரை உருவாக்கினர். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில், காற்றடைத்த டயர் பூட்டிய காரைத் தாமே ஓட்டினர். வழிநெடுகப் பலமுறை காற்று இறங்கியது; பரிசுக்குரிய இடம் கிட்டவில்லை. ஆனால் காற்றின் மேல் கார் ஓடும் என்பது நிறுவப்பட்டது. 1899 ஏப்ரலில் பாரிஸுக்கு அருகே பெல்ஜியத்தின் காமிய் ஜெனாட்ஸி மின்காரொன்றில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். சாலை வண்டி ஒன்று நூறைக் கடந்தது அதுவே முதல்முறை. டயர்கள் மிஷெலினுடையவை. ஓட்டுநரின் உடல் இடுப்புக்கு மேல் வெட்டவெளியில் இருந்தது. அக்காருக்கு இடப்பட்ட பெயரின் பொருள் 'ஒருபோதும் நிறைவடையாதவள்' என்பதாகும். பின்வந்த நூறாண்டு வேக வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேண்டியதில்லை.

1900இல் அதே நிறுவனம் பயணிகளுக்கான கையேட்டை வெளியிட்டது. மக்கள் அதிகம் பயணம் செய்தால் டயர் அதிகம் தேயும் என்னும் வணிகக் கணக்கு அதன் பின்னிருந்தது. 1926 முதல் அக்கையேடு உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கலாயிற்று. டயர் செய்தவர்கள் சுவையின் நீதிபதிகளானது இவ்வாறே. 1946இல் அவர்கள் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர், உள்ளிழைகளைக் குறுக்காகவும் தரையைத் தொடும் பகுதியின் கீழே எஃகுப் பட்டையையும் அமைத்து, இன்றைய டயர்களுக்கெல்லாம் மூலமாயிற்று.

இவ்வரலாற்றின் உச்சங்களுள் ஒன்றாகப் புகாட்டி வேரானைக் கொள்ளலாம். 2005இல் வெளிவந்த அக்காரில் பதினாறு உருளைகளும் நான்கு டர்போக்களும் கொண்ட எட்டு லிட்டர் எஞ்சின் இருந்தது. ஆற்றல் 1001 குதிரைத்திறன். 2008இல் அதன் கூரை திறந்த வடிவம் அறிமுகமாயிற்று. கூரையைப் பூட்டினால் மணிக்கு 407 கிலோமீட்டரும், கழற்றினால் 360 கிலோமீட்டரும் ஓடும். கழற்றிய கூரையை உடன் கொண்டு செல்ல வண்டியில் இடமில்லை. நடுவழியில் மழை பெய்தால் விரிக்க, குடைபோல் மடங்கும் துணிக்கூரை ஒன்று தரப்பட்டது. அதை விரித்தால் 130 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. ஆயிரம் குதிரைகளின் ஆற்றலை ஒரு மழை அடக்கிவிடும் என்பதில் நகைச்சுவை இல்லாமலில்லை.

பொறியியல் நோக்கில் இதைக் குறைத்து மதிப்பிடல் தகாது. கூரை என்பது வெறும் மூடியன்று. காரின் உடலை முறுகாமல் பிணைத்து நிற்கும் உறுப்பு. அதை நீக்கினால் அடித்தளத்தையும் பக்கங்களையும் கரியிழையால் வலுவூட்ட வேண்டும். அவ்வாறு வலுவூட்டி, ஆற்றலையும் 1200 குதிரைத்திறனாக உயர்த்திய வடிவம், 2013 ஏப்ரலில் ஜெர்மனியின் எரா லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் கூரை திறந்த நிலையிலேயே மணிக்கு 408.84 கிலோமீட்டர் ஓடியது. ஆயினும் இவ்வகைக் காரின் எல்லையை வகுத்தது எஞ்சின் அன்று. மிஷெலின் அதற்கெனவே செய்த டயரே எல்லையாயிற்று. உச்ச வேகத்தில் டயர் கால்மணி நேரம் தாங்கும், ஆனால் எரிபொருள் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஆகவே அஞ்சற்க என்பது வாகன விமர்சகர்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய வேடிக்கைக் கணக்கு.

திருவள்ளூர் மாவட்டம் வேகத்தை அறியாததன்று. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. இந்தியாவெங்கும் இருந்து ஓட்டுநர்கள் அங்கு வந்தனர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தபின் அந்த ஆரவாரம் இடம் மாறிற்று. போர் கைவிட்ட நிலத்தில் வேகம் குடியேறியது சோழவரத்தின் கதை. தேர்வாய் கண்டிகையின் கதை அவ்வாறன்று.

அங்கே சிப்காட் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர், ஆவணத்தில் புறம்போக்கு, வாழ்க்கையில் மேய்க்கால். பெரும்பான்மையும் தலித் மக்கள் வாழும் அவ்வூரார்க்கு அது ஆடுமாடு மேயும் காடு, விறகு தரும் காடு, ஏரிக்கு நீர் கொணரும் காடு. அதைக் காக்க அவர்கள் போராடினர். சிறை சென்றோரும் உண்டு. 2009 நவம்பரில் மிஷெலின் நிறுவனம் தமிழக அரசுடன் 4000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் செய்தது. 2012இல் ஊர்ச்சங்கமும் சில பிரெஞ்சு அமைப்புகளும் பிரான்சிலுள்ள தொடர்பு மையத்தில், பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிகளின் கீழ் முறையிட்டன. நிலத்தைக் கையகப்படுத்தியது அரசே அன்றி நிறுவனம் அன்று என்பதும் உண்மை. வேலைவாய்ப்பை வரவேற்றோர் உண்டு என்பதும் உண்மை. அங்கே உருவாகத் தொடங்கியவை லாரிக்கும் பேருந்துக்குமான ரேடியல் டயர்கள். வேரானின் டயர்கள் அல்ல. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்த நீர்த்தேக்கமும் சென்னையின் குடிநீருக்காகத் திறக்கப்பட்டது. மாநகரின் சாலைக்கும் தாகத்துக்கும் ஒருங்கே ஈடுகொடுக்கும் ஊராயிற்று அது.

ஊர்ப்பெயரில் தேர் ஒலிப்பது செவிக்கு இன்பம் மட்டுமே. சொற்பிறப்புக்கு நாம் போகவில்லை. ஆனால் காடும் மேய்ச்சலும் சேர்ந்த நிலம் முல்லை என்பதும், முல்லைப் பாடல்களில் விரைதேர் இன்றியமையாதது என்பதும் வாசகர்கள் அறிந்ததே. வினைமுற்றிய தலைவன் பாகனை விரையச் சொல்வான். அத்தலைவருள் ஒருவனை அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். அவன் வருவது விரைதேரில்தான். ஆயினும் சோலையில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அதனாலேயே அத்தேர் மாட்சிமைப்படுகிறது. பழந்தமிழர் எல்லாரும் இப்படியே இருந்தனர் என்று நாம் பெருமை கொள்ளவும் இயலாது. பகைவர் விளைவயலில் தேரோட்டிய முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இரண்டு தேர்களும் விரைவுடையவையே. இரண்டையும் வேறுபடுத்துவது அவை ஓடிய நிலத்தோடு கொண்ட உறவு.

கார்த் திறனாய்வில் இன்று ஆற்றல், விரைவு, பிடிப்பு, தோலிருக்கை, ஒலி, விலை எனப் பல தலைப்புகள் உண்டு. வேரான் இவை யாவற்றிலும் உயர்ந்த மதிப்பெண் பெறும்; பெறவும் வேண்டும். எனினும் டயரின் அடியில் இருப்பது தரை என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை. அந்தத் தரை யாருடையது, முன்பு அதில் என்ன மேய்ந்தது என்னும் வினாவைச் சேர்த்துக்கொள்ளாத மதிப்பீட்டை, மருதனாரின் வாசகர்களாகிய நாம் முழுமையானதென ஏற்பது அரிது.