செரியும் செம்மயிற்கொன்றையும்

பூங்காவுக்கு அழகூட்டும் மரங்களுள், இடைவெப்ப வலயத்துச் செரியும் அயனவலயத்துச் செம்மயிற்கொன்றையும் ஒப்புநோக்கத் தக்கன.

தோக்கியோ நகரத்தார் நட்பின் அறிகுறியாக அனுப்ப, 1910இல் வாசிங்டனை அடைந்த 2,000 செரிமரங்கள் பூச்சியும் புழுவும் பற்றியிருந்தமையால் எரிக்கப்பட்டன. அவர் மனந்தளராது 1912இல் 3,020 மரங்களை மீண்டும் அளித்தனர். வாசிங்டனில் நடப்பட்ட அவை தழைத்தமைக்கு அந்நகரின் பனிக்காலமும் ஒரு காரணமாகும். குளிரில் நெடிதுறங்கினாலன்றிச் செரியரும்பு செவ்வனே விரியாது.

செம்மயிற்கொன்றையோ மடகாசுக்கரிற் பிறந்தது. 1820களில் போயர் என்னும் தாவரவியலார் அதனைக் கண்டனர். பின்னர் வெப்பநாடுகள் பலவற்றிற் பரவியது. உறைபனியே அதற்குக் கூற்று. வறட்சியில் இலையுதிர்த்துச் செந்தழலெனப் பூக்கும். செரிமலர் சின்னாளில் உதிரும். இதன் மலரோ பல கிழமை நிற்கும்.

மரத்தைக் கடல்கடத்துவது மனிதர் விருப்பு, நிலைநிறுத்துவது காலநிலை. ஆதலின் மரந்தேர்வோர் தம் நிலத்தின் இயல்பை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.