இரண்டு முறை இடம் மாறிய பள்ளிக்கூடம்

1759ஆம் ஆண்டின் குளிர்காலத்திலோ, அடுத்து வந்த வசந்தத்திலோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில மரங்களை வெட்டினார்கள். அறுத்துச் சட்டமாக்கி, வில்லியம்ஸ்பர்க் நகரின் பிரின்ஸ் ஜார்ஜ் தெருவில் ஒரு சிறிய மரவீடு எழுப்பினார்கள். வீட்டுக்காரர் டட்லி டிக்ஸ் அதை வாடகைக்கு விட்டார். 1760 செப்டம்பர் 29 அன்று அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. படிக்க வந்தவர்கள் கறுப்பினக் குழந்தைகள். மூன்று வயது முதல் பத்து வயது வரை இருக்கும். பெரும்பாலோர் அடிமைகள், அடிமைத்தளை இல்லாதவர்கள் சிலர்தான். ஆன் வேகர் என்ற விதவைப் பெண்மணி ஒருவரே அத்தனை பேருக்கும் ஆசிரியை.

பள்ளியை நடத்தியது லண்டனில் தாமஸ் பிரே பாதிரியாரின் பெயரால் இயங்கிய அறக்கட்டளை. வில்லியம்ஸ்பர்க்கில் தொடங்கலாம் என்று யோசனை சொன்னவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பிரேயை நாமும் அறிவோம், பெயர் தெரியாமலே: தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு அச்சு இயந்திரம் அனுப்பி உதவிய எஸ்.பி.சி.கே. சங்கம் அவர் முன்னின்று தொடங்கியதுதான்.

அறம் என்றதும் நெகிழ்ந்துவிட வேண்டாம். அடிமை முறை அப்படியே இருக்கட்டும், அடிமை பக்தியும் பணிவும் உள்ளவனாக வளரட்டும் என்பதே அந்தப் பள்ளியின் எண்ணம். ஞானோபதேசம், ஜெபம், வாசிப்பு, பெண் குழந்தைகளுக்குத் தையல் என்று பாடம் நடந்தது. எஜமானர்களே குழந்தைகளை அனுப்பினார்கள். ஆனால் ஜெபப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு மற்ற எழுத்தும் தெரியுமே! அங்கே படித்த ஐசக் பீ 1774இல் தப்பி ஓடினான். அவனைப் பிடித்துத் தரச் சொல்லி அவன் எஜமானர் லூயிஸ் பர்வெல் 'வர்ஜீனியா கெஸட்' இதழில் விளம்பரம் கொடுத்தார். அவனுக்கு வாசிக்கத் தெரியும், தகப்பன் சுதந்திர மனிதன் என்பதால் தனக்கும் விடுதலைக்கு உரிமை உண்டென்று நினைக்கிறான் என்று அதில் எழுதினார். அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மாணவர் பட்டியல்களில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன: 1762, 1765, 1769. குழந்தையின் பெயர் பெரும்பாலும் ஒற்றைச் சொல். கூடவே உரிமையாளரின் பெயர். 1769ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆடம், ஃபேனி என்ற இருவரின் உரிமையாளர் ஒரு மனிதர்கூட அல்ல, பக்கத்திலிருந்த வில்லியம் அண்ட் மேரி கல்லூரி.

1765இல் பள்ளி வேறு வீட்டுக்குப் போனது. 1774இல் ஆன் வேகர் இறந்ததும் மூடப்பட்டது. 1831இல், கறுப்பினத்தவரைக் கூட்டிவைத்து எழுதப் படிக்கக் கற்பிப்பதையே வர்ஜீனியா சட்டம் போட்டுத் தடுத்தது. பிரின்ஸ் ஜார்ஜ் தெரு வீட்டில் யார் யாரோ குடியிருந்தார்கள். எடுத்துக் கட்டினார்கள், ஒட்டுப் போட்டார்கள். உள்ளே நடந்தது ஊருக்கே மறந்துபோயிற்று. 1930இல் கல்லூரிக்கு மாணவியர் விடுதி கட்ட அந்த மனை தேவைப்பட்டது. நல்லவேளை, வீட்டை இடிக்காமல் பெயர்த்து, அதே தெருவில் சற்றுத் தள்ளி வைத்தார்கள். பின்னாளில் அது கல்லூரியின் ராணுவப் பயிற்சித் துறை அலுவலகமானது. யாரும் அதைப் பாதுகாக்கவில்லை, பயன்பட்டதால் பிழைத்தது.

அதைத் தேடிப் பிடித்தவர் அந்தக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் டெர்ரி மையர்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டு வீடொன்று இடம் மாறிய செய்தி ஓர் உள்ளூர் நினைவுக் குறிப்பில் அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து பல ஆண்டுகள் விடாமல் துருவினார். பழைய மனையைத் தோண்டியபோது சிலேட்டுக் குச்சித் துண்டுகள் கிடைத்தன. சந்தேகத்தைத் தீர்த்தது மரம்தான். வீட்டின் மரச்சட்டத்தில் துளையிட்டு மெல்லிய குச்சிபோல ஒரு துண்டை உருவி எடுப்பார்கள். மழை பெய்த ஆண்டில் வளையம் அகலும், வறண்ட ஆண்டில் ஒடுங்கும். அந்த வரிசையை வட்டாரத்து மரங்களின் வரிசையோடு பொருத்துவார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மரம் விழுந்த பருவத்தைச் சொல்லிவிடும். 2020இல் செய்த அந்தச் சோதனைதான், பள்ளி தொடங்கியபோது வீடு புத்தம் புதிது என்பதைக் காட்டியது. கறுப்பினக் குழந்தைகளின் படிப்புக்காக அமெரிக்காவில் பயன்பட்ட கட்டடங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது இதுதான்.

2023 பிப்ரவரி 10 அன்று வீடு மறுபடியும் பெயர்ந்தது. இம்முறை வண்டியில் அது மெல்ல ஊர்ந்து போனதைப் பார்க்கத் தெருவோரம் கூட்டம் கூடியது. நகரின் வரலாற்றுப் பகுதியில், கறுப்பினத்தவரின் முதல் பாப்டிஸ்ட் தேவாலயம் இருந்த இடத்துக்கு அருகே இறக்கி வைத்தார்கள். ஒட்டுகளைக் களைந்து சீரமைத்தபின், அடிமைத்தளை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளில், 2025இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

பார்க்க வருபவர்களிடம், குழந்தைகள் படித்தார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. எதற்காகப் படிக்கவைக்கப்பட்டார்கள் என்பதையும் அதே அறையில் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஐசக் பீ என்ன செய்தான் என்பதன் கனம் புரியும். முந்நூறு பேருக்கு மேல் அங்கே படித்திருக்கலாம் என்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் 86 பேர்தான். மற்றவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் கண்டறிய வில்லியம் அண்ட் மேரியில் பிரே பள்ளிக்கென்றே ஓர் ஆய்வகம் இயங்குகிறது. ஆடமையும் ஃபேனியையும் உடைமையாக வைத்திருந்த அதே கல்லூரியின் ஆய்வகம்.