எழுபத்தொன்றாவது படம்



ஜப்பானில் எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலைவழியாக இணைத்தது கிசோகைடோ சாலை. வழியில் 69 தங்கல் ஊர்கள். 1835 வாக்கில் ஐசென் என்ற ஓவியர் அவற்றை மரக்கட்டை அச்சுப் படங்களாக வரையத் தொடங்கினார், ஹிரோஷிகே முடித்தார். ஐசென் வரைந்தவை 24, ஹிரோஷிகே 47. ஆக 71.

69 ஊருக்கு 71 படம் எப்படி? புறப்படும் இடமான நிஹோன்பாஷி பாலத்துக்கு ஒன்று. நகாட்சுகவா ஊருக்கு மட்டும் இரண்டு. அந்த இரண்டில் மழைக்காட்சி கிடைப்பது மிக அரிது. அது இல்லாமல் தொகுப்பு நிறைவதில்லை.

பிந்தைய அச்சுகள் சிலவற்றில் ஐசெனின் கையொப்பத்தை நீக்கிவிட்டார்கள். உலகம் இன்று ஹிரோஷிகேயைத்தான் கொண்டாடுகிறது. ஒற்றைப் படம் வாங்குபவருக்கு அழகு கிடைக்கும். முழு வரிசையையும் சேர்ப்பவருக்கோ, அதன் முதல் படமே ஐசென் வரைந்தது என்ற வரலாறும் கிடைக்கும்.