மனுதாரரும் சபையோரும்: ஒரு பேரூராட்சியை முன்னிட்டு ஸ்தல சுயாட்சி பற்றிய விசாரணை

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையை ஒட்டி, மஞ்சளாறு அணைக்கு அருகே அமைந்திருக்கும் கெங்குவார்பட்டி, தோப்பும் வயலும் சூழ்ந்த தன் தோற்றத்தால், வருகிறவனுக்குக் கிராமமாகவே படும். சட்டமோ அதனைப் பேரூராட்சி என்று வகுத்து, நகர்ப்புற ஸ்தாபனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இந்தப் பெயர் வேறுபாட்டினால் அவ்வூர்ப் பிரஜைக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமற்போயிற்று என்று ஆராய்ந்தால், திறந்த நிர்வாகம் என்று நாம் பேசிவரும் தத்துவத்தின் உட்பொருளே ஓரளவு துலங்கும் என்பது என் துணிபு.

அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் கிராம சபையை அங்கீகரித்தது. அதனையொட்டி எழுந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் அங்கீகரிக்கவும், தணிக்கை அறிக்கையைப் பார்வையிடவும், நடைபெறும் வேலைகளைப் பரிசீலிக்கவும் அச்சபைக்கு உரிமை அளித்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை அது கூடவேண்டும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள ஊராட்சியில் முந்நூறு பேராவது வந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. நகரங்களுக்கான 74ஆவது திருத்தமோ, வார்டு குழுக்களை மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை கொண்ட ஊர்களுக்கு மட்டுமே கட்டாயமாக்கிற்று. எனவே கிராமத்தானுக்குச் சபை உண்டு, மாநகரத்தானுக்குக் குழு உண்டு. இரண்டுக்கும் நடுவே நின்ற பேரூராட்சிவாசிக்கு, ஐந்தாண்டுக்கொருமுறை வாக்களிப்பதைத் தவிர, சட்டம் விரித்துக்கொடுத்த ஓர் ஆசனமும் நெடுங்காலம் இல்லாதிருந்தது.

இந்தக் குறையின் விசித்திரத்தை 2004ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும். கிராமங்களுக்கென ஒதுக்கப்படும் நிதி இவ்வூர்களுக்கும் கிட்டவேண்டுமென்ற நோக்கத்தோடு, தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வாண்டு சிறப்பு கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டாண்டுகளில் அவ்வூர்களின் தெருக்களோ மக்களோ மாறிவிடவில்லை. ஆயினும் கூடிக் கணக்குக் கேட்கும் சட்டபூர்வமான தகுதி, நிதியின் பொருட்டு வந்து, நிதியின் பொருட்டே அகன்றது. மனிதனைச் சார்ந்திருக்க வேண்டிய உரிமை ஊரின் வகைப்பெயரைச் சார்ந்து நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சபையற்ற பிரஜைக்கு எஞ்சியவை இரண்டு. ஒன்று மனு: திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர் கூட்டத்தில், வரிசையில் நின்று கொடுக்கும் காகிதம். மற்றொன்று தகவல் உரிமை. இந்தியாவிலேயே முதன்முதலாக 1997இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது தமிழ்நாடே. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதனினும் பன்மடங்கு விரிந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், காரணம் கூறவேண்டிய அவசியமின்றி, பிரஜை எவரும் கேட்கலாம்; முப்பது நாளில் விடை வரவேண்டும்; நடைபெறும் வேலையை நேரில் பார்வையிட்டுப் பொருளின் மாதிரியை எடுக்கவும் கூடும். இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டும் பிரஜையைத் தனியனாகவே நிறுத்துகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். உதாரணமாக, ஒரு கால்வாய் வேலையின் கணக்கு ஒருவன் கைக்கு வந்தால் அது அவன் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். தெருவார் அனைவர் முன்னும் வாசிக்கப்பட்டால், அந்தக் கால்வாயைத் தினமும் தாண்டிச் செல்பவர்களே அதன் நீள அகலத்துக்குச் சாட்சியாவார்கள். ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் 1994இல் கோட் கிரானா என்னும் ஊரில் தொடங்கிய பொது விசாரணைகளின் வலிமை இதில்தான் இருந்தது: ஏட்டில் கூலி பெற்றதாக எழுதப்பட்டவர்கள், அவ்வேடு வாசிக்கப்பட்ட இடத்திலேயே எழுந்து நின்று மறுத்தார்கள்.

2022ஆம் ஆண்டில் தமிழக அரசு வகுத்த விதிகள், பேரூராட்சிகள் உட்பட எல்லா நகர்ப்புற ஸ்தாபனங்களிலும் வார்டு குழுக்களையும், வார்டின் பகுதிதோறும் ஏரியா சபைகளையும் அமைத்து, இக்குறையைத் தீர்க்க முற்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி அச்சபைகள் கூடின. 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரையில், ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்களின் கையில் இருந்த ஊர்களுக்கு இது நற்செய்தியே. ஆயினும் ஏரியா சபையின் பிரதிநிதியை அப்பகுதி வாக்காளர் தேர்ந்தெடுப்பதில்லை, பேரூராட்சி மன்றமே நியமிக்கிறது. கணக்குச் சொல்லவேண்டியவரே கணக்குக் கேட்பவரைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாட்டில் சபையின் உருவம் இருக்கலாம். அதன் பிராணன் இராது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. சபையென்பது ஊரின் பிரதிபிம்பம். ஊரில் வாய் திறக்க இயலாதவன் சபையில் எவ்வாறு திறப்பான்? கெங்குவார்பட்டி அடங்கிய தேனி மாவட்டத்துக்குத் தொலைவில்லாத உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும், தலைவர் பதவி பட்டியல் சாதியாருக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்தால், 1996 முதல் பத்தாண்டுக் காலம் மக்களாட்சி நிலைகொள்ளவில்லை என்பதை யாவரும் அறிவர். ஆட்சேபம் மெய்யானதே, ஆனால் அது சபைக்கு எதிரான வாதமாகாது. தனி மனுக்களின் உலகில் விலக்கப்பட்டவனின் மௌனம் எந்த ஏட்டிலும் ஏறாது. எல்லோரும் அமரவேண்டிய சபை ஒன்று சட்டத்தில் இருந்தாலோ, யார் வரவில்லை, யார் பேசவில்லை என்பது வருகைப் பதிவேட்டிலும் தீர்மான நோட்டிலும் வெளிப்படும். பரிகாரம் அங்கிருந்தே தொடங்கும்.

உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்களை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுவதுண்டு. அவை குறிக்கும் ஊர்ச்சபை நிலமுடைய பிராமணர்க்கே உரியதாயிருந்தது. அந்தக் குறுகலை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். எனினும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என்று அச்சாசனம் விதித்திருப்பதில், இன்றைய விதிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது: கணக்கு என்பது சபையின் முன் வைக்கப்படவேண்டியது, வைக்காதவனுக்கு அதனால் ஒரு நஷ்டம் உண்டாகவேண்டியது. கெங்குவார்பட்டி போன்ற ஊருக்கு இன்று வேண்டுவன மூன்றே: பகுதி வாக்காளரே தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தல், ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டையும் செலவையும் ஏரியா சபையில் உரக்க வாசித்தல், சபை ஏற்க மறுத்ததை மன்றம் நிறைவேற்ற விரும்பினால் அதற்கான காரணத்தை எழுதி அடுத்த கூட்டத்தில் படித்தல். இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை. திங்கட்கிழமை ஆட்சியரகத்துக்குப் பேருந்தேறும் மனுதாரர்களில் ஒரு பகுதியினர், அந்தக் கேள்வியைத் தம் தெரு முனையிலேயே கேட்டு விடைபெற்று வீடு திரும்புவார்களாயின், சீர்திருத்தம் பலித்ததென்று கொள்ளலாம்.